பரிசோதனையில் குறை தெரிந்த குதிரை: வாங்குவதா, விடுவதா?

குதிரையைப் பார்த்தாயிற்று, ஏறி ஓட்டியும் பார்த்தாயிற்று. மனசுக்குப் பிடித்துவிட்டது, விலையும் ஏறக்குறையப் படிந்துவிட்டது. கடைசியில் ஒரு சம்பிரதாயம்போல மருத்துவரை வரவழைத்தால், அவர் கொடுத்த தாளில் வரிசையாகப் பயமுறுத்தும் சொற்கள்: இடது முன்னங்காலில் மடக்குச் சோதனைக்குப் பின் லேசான நொண்டல், நேவிகுலர் எலும்பில் மாற்றம், இதயத்தில் இரண்டாம் நிலை முணுமுணுப்பு. இந்த இடத்தில் பலரும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒரு சாரார் தாளை மடித்து வைத்துவிட்டு அடுத்த குதிரையைத் தேடிப் போகிறார்கள். இன்னொரு சாரார், 'டாக்டர்கள் எதையாவது எழுதத்தான் செய்வார்கள்' என்று பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு சாராருமே அந்தத் தாளைப் படிக்கவில்லை என்பதுதான் என் கட்சி.

குறையே இல்லாத குதிரை, குதிரைக்கொம்புதான். சில வருடம் வேலை செய்த எந்தக் குதிரையையும் தலை முதல் குளம்பு வரை படம் எடுத்துத் துருவினால் ஏதாவது ஒன்று அகப்படும். ஆகவே 'குறை இருக்கிறதா' என்று கேட்டுப் பயனில்லை. இருக்கிற குறை நாம் கொடுக்கப்போகும் வேலையில் வளருமா, வளர்ந்தால் அந்தச் செலவையும் அலைச்சலையும் நம்மால் தாங்க முடியுமா, நாளைக்கு விற்க நேர்ந்தால் யாராவது வாங்குவார்களா என்று கேட்க வேண்டும். ஒரே அறிக்கை ஒருவருக்கு 'வாங்கு' என்றும் இன்னொருவருக்கு 'ஓடு' என்றும் சொல்லக்கூடும்.

மருத்துவர் சொல்வதும் சொல்லாததும்

வாங்குமுன் செய்யும் பரிசோதனையில் பாஸ், ஃபெயில் என்று எதுவும் கிடையாது. 'இன்றைக்கு, இந்த நேரத்தில், என் கண்ணுக்கும் கைக்கும் தெரிந்தது இது. நீங்கள் சொன்ன வேலைக்கு இதனால் வரக்கூடிய ஆபத்து இவ்வளவு' என்பதுதான் மருத்துவர் தரும் கருத்து. இதில் 'நீங்கள் சொன்ன வேலை' என்ற பகுதியைப் பலர் கவனிப்பதில்லை. சும்மா சவாரிக்கு என்று சொல்லிப் பரிசோதிக்க வைத்துவிட்டு, பிறகு தாண்டும் போட்டிக்கு இறக்கினால் அந்த அறிக்கைக்கு மதிப்பே இல்லை. வேலையை மிகைப்படுத்திச் சொன்னாலும் வம்புதான். நல்ல குதிரை ஒன்று வீணாகக் கைநழுவிப் போகும்.

பிரிட்டனில் வழக்கத்தில் உள்ள முழுப் பரிசோதனைக்கு ஐந்து கட்டங்கள். முதலில் குதிரை நிற்கும்போதே கண், பல், தோல், கால், குளம்பு எல்லாவற்றையும் தடவிப் பார்த்து, இதயத்தையும் நுரையீரலையும் கேட்பார்கள். அப்புறம் கெட்டித் தரையில் கையில் பிடித்து நடத்தி, ட்ராட் என்னும் துள்ளோட்டம் ஓட்டிப் பார்ப்பார்கள். மூன்றாவது கட்டத்தில் மூச்சு வாங்கும் அளவுக்கு உழைப்பு. நான்காவதில் ஓய்வு. கடைசியாக மறுபடி துள்ளோட்டம். இந்த ஐந்தாவது கட்டம் வெறும் சடங்கு என்று நினைத்துவிட வேண்டாம். சூடேறிய உடம்பில் மறைந்திருந்த இறுக்கம், சற்று நின்று ஆறியபிறகுதான் காலில் தெரியும். இரண்டு கட்டத்தோடு நிறுத்தினால் கட்டணம் குறையும். ஆனால் உழைப்பில் இதயமும் மூச்சும் எப்படி இருக்கும் என்பது தெரியாமலே போய்விடும்.

பரிசோதனையன்று ரத்தம் எடுத்து ஆறு மாதம் பத்திரப்படுத்தும் வழக்கமும் அங்கே உண்டு. வாங்கி வந்த இரண்டாம் வாரமே குதிரை வேறு ஆளாக மாறினால், அன்றைக்கு அதற்கு வலி மருந்தோ மயக்க மருந்தோ கொடுத்திருந்தார்களா என்று அந்த ரத்தத்தில் தேடலாம். குதிரைகளுக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் ஃபினைல்பியூட்டசோன் என்னும் வலி மருந்து லேசான நொண்டலைச் சுலபமாக மறைத்துவிடும். இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. சில வாரங்களுக்கு முன் மூட்டுக்குள் போட்ட ஸ்டீராய்டு ஊசி ரத்தத்தில் அகப்படாமல் போகலாம், பலன் மட்டும் நீடிக்கும். அதனால்தான் விற்பவரிடம் 'மூட்டில் ஊசி போட்டிருக்கிறீர்களா, எப்போது?' என்று எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குவது நல்லது.

பரிசோதிப்பவர் விற்பவரின் வழக்கமான மருத்துவராக இருக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவரிடம் உள்ள பழைய சிகிச்சைக் குறிப்புகள் மட்டும் வேண்டும். உரிமையாளர் அனுமதித்தால் அவற்றை உங்கள் மருத்துவர் கேட்டு வாங்கலாம்.

நடையில் தெரிவது, படத்தில் தெரிவது

அறிக்கையைக் கையில் எடுத்ததும் முதலில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதில் உள்ள குறைகளில் எவை குதிரை நடக்கும்போது தெரிந்தவை, எவை படத்தில் மட்டும் தெரிந்தவை என்று பிரிக்க வேண்டும். இரண்டுக்கும் எடை வேறு.

நடையில் தெரியும் நொண்டலை அமெரிக்கக் குதிரை மருத்துவர் சங்கத்தின் அளவுகோல் 0 முதல் 5 வரை பிரிக்கிறது. முதல் நிலை, சில சமயம் தெரியும், சில சமயம் தெரியாது. மூன்றாம் நிலையில் துள்ளோட்டத்தில் எப்போதுமே தெரியும். ஐந்தாம் நிலையில் காலையே ஊன்றாது. முன்னங்கால் வலியைக் கண்டுபிடிக்கத் தலையைப் பார்க்க வேண்டும். வலிக்கும் கால் தரையைத் தொடும்போது தலை மேலே எழும்பும், நல்ல கால் தொடும்போது கீழே இறங்கும். இரண்டு முன்னங்கால்களும் ஒரே அளவில் வலித்தால் தலை ஆட்டமே இருக்காது. எடுத்து வைக்கும் எட்டு மட்டும் குறுகிப்போகும். அப்படிப்பட்ட குதிரையைப் பார்த்து 'நல்ல அடக்கமான நடை' என்று மகிழ்ந்து வாங்குபவர்கள் உண்டு. நீளக் கயிற்றில் கட்டிக் கெட்டித் தரையில் வட்டமாக ஓட்டினால் பெரும்பாலும் உள்பக்கக் கால் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி, அதிகம் பேரைக் கலங்க வைக்கும் மடக்குச் சோதனை. மருத்துவர் காலைத் தூக்கி, ஒரு மூட்டை நன்றாக மடக்கி, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை அப்படியே பிடித்துக்கொள்வார். விட்ட கையோடு குதிரையைத் துள்ளோட்டம் ஓட்ட வேண்டும். முதல் இரண்டு மூன்று எட்டுகள் கோணலாக விழுந்து பிறகு நேராவது வலியில்லாத குதிரைகளிடமும் காணப்படும். எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தி மடக்கினார் என்பதைப் பொறுத்தும் விளைவு மாறும். பலசாலி மருத்துவர் ஒருவர் எந்தக் குதிரையையும் நொண்ட வைத்துவிடலாம். அதனால் 'மடக்குச் சோதனையில் நொண்டல்' என்ற ஒற்றை வரியை வைத்து முடிவெடுக்கக் கூடாது. அந்த ஒரு காலில் மட்டும் தெரிந்ததா? எத்தனை எட்டு நீடித்தது? அதே மூட்டில் வீக்கமோ, படத்தில் மாற்றமோ இருக்கிறதா? மூன்றும் ஒரே இடத்தைச் சுட்டினால் அது நிஜமான பிரச்சினை. ஒன்றுக்கொன்று ஒட்டாமல் தனித்தனியாக நின்றால் பயத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம்.

படங்களின் கதை இதைவிடச் சிக்கலானது. வயதான மனிதர்களின் முதுகை ஸ்கேன் எடுத்தால், வலியே இல்லாத பலருக்கும் தேய்மானம் தெரியும் அல்லவா, குதிரைகளுக்கும் அப்படித்தான். எலும்பில் மாற்றம் இருப்பதும் வலி இருப்பதும் வேறு வேறு. நேவிகுலர் எலும்பை எடுத்துக்கொள்வோம். முன்னங்குளம்புக்குள், குதிகால் பக்கமாக ஒளிந்திருக்கும் சின்ன எலும்பு அது. மூட்டை மடக்கும் தடித்த தசைநாண் அதன் மேல்தான் வழுக்கிக்கொண்டு போகிறது. அங்கே வரும் தேய்மானம் குதிகால் வலியாக மாறினால் அது நாள்பட்ட நோய். முற்றிலும் குணமாகாது, கட்டுக்குள் வைக்கலாம் என்பதுதான் நிலவரம். ஆனால் எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரியும் எலும்போடு வருடக்கணக்காகச் சுகமாக ஓடும் குதிரைகளும் இருக்கின்றன. படம் சுத்தமாக இருந்தும் குதிகால் வலியில் நொண்டுபவையும் இருக்கின்றன, ஏனென்றால் தசைநாணும் அதைச் சுற்றிய தசைநார்களும் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்ஆர்ஐ எடுத்தால்தான் தெரியும். ஆக, படத்தில் மாற்றமும் இருந்து, வட்டத்தில் ஓடும்போது எட்டும் குறுகி, குதிகாலை மரத்துப்போக ஊசி போட்டதும் நடை நேராகிறது என்றால், அந்த மூன்றும் சேர்ந்த குதிரையைக் கடும் வேலைக்கு வாங்குவது சூதாட்டம். படத்தில் மட்டும் லேசான மாற்றம் என்றால் பேச இடமிருக்கிறது.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். குதிகாலுக்குப் போகும் நரம்பை வெட்டிவிட்டால் குதிரை நொண்டாது, வலி தெரியாது, அவ்வளவுதான். நோய் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். அப்படி வெட்டிய குதிரைகள் கை மாறுவதுண்டு. பரிசோதனையில் குதிகால் தோலில் லேசாகக் குத்தி உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பதும், கணுக்குக் கீழே பழைய தழும்பு இருக்கிறதா என்று விரலால் தடவுவதும் இதற்காகத்தான்.

பின்னங்காலில் ஹாக் என்னும் பெரிய மூட்டு இதற்கு நேர்மாறான கதை. வெளியே பார்க்க ஒரே மூட்டுதான், உள்ளே பல அடுக்குகள். மேல் அடுக்குதான் மடங்கி நீளும் வேலை அத்தனையும் செய்கிறது. கீழேயுள்ள இரண்டு அடுக்குகள் அசைவதே அபூர்வம். பெரும்பாலும் இந்தக் கீழ் அடுக்குகளில்தான் தேய்மானம் வருகிறது. காலப்போக்கில் அவை எலும்போடு எலும்பாக ஒட்டிப்போனால் வலி போய்விடக்கூடும், நடையிலும் பெரிதாக எதுவும் குறைந்துவிடாது. அதுவரை ஊசி, நிதானமான வேலை, பொறுமை வேண்டும். எத்தனை மாதம் பிடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. எனவே அறிக்கையில் 'ஹாக்கில் தேய்மானம்' என்று பார்த்தால் உடனே கேட்க வேண்டியது, எந்த அடுக்கில் என்பதைத்தான். மேல் அடுக்கு என்றால் பேச்சு வேறு.

இளங்குதிரைகளில் அடிக்கடி அகப்படுவது, மூட்டுக்குள் குருத்தெலும்பும் எலும்பும் சரியாக உருவாகாமல் பெயர்ந்து நிற்கும் சில்லு. ஹாக்கில் என்றால் துளை வழியாகக் கருவியை விட்டு அதை எடுத்துவிடலாம், அதற்குப் பிறகு முழு வேலைக்குத் திரும்பும் வாய்ப்பு நன்றாகவே இருக்கும். தொடைக்குக் கீழுள்ள ஸ்டைஃபிள் மூட்டில் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும், அங்கே எலும்புக்குள் குழி விழுந்திருந்தால் நிறையவே யோசிக்க வேண்டும். தோள்மூட்டு இன்னும் மோசம். முதுகில், சேணம் உட்காரும் இடத்துக்கு அடியில் முதுகெலும்பின் முட்கள் ஒன்றோடொன்று உரசுவதாகப் படம் காட்டினால், முதலில் முதுகைக் கையால் அழுத்திப் பாருங்கள், சேணம் போடும்போது குதிரை காதை மடக்குகிறதா, ஏறியதும் உதறுகிறதா என்று பாருங்கள். பிசகில்லாமல் வேலை செய்யும் ஏராளமான குதிரைகளின் படத்திலும் இந்த உரசல் தெரியும்.

எலும்பைப் பற்றி இத்தனை பேசினாலும், என்னைக் கேட்டால் தசைநாணையும் தசைநாரையும் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். கிழிந்த தசைநாண் ஆறும்போது தழும்புத் திசுவாக ஆறுகிறது. அதற்குப் பழைய இழுவிசை திரும்புவதில்லை, அதே இடத்தில் மறுபடி கிழியும் வாய்ப்பும் அதிகம். பாய்ச்சலில் ஒரு முன்னங்கால் மட்டும் தரையைத் தொடும் கணத்தில் உடல் எடையைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு அதன்மேல் இறங்குகிறது. 500 கிலோ குதிரைக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். காலின் பின்பக்கம் தசைநாண் விரலுக்குத் தடிப்பாகத் தட்டுப்பட்டால், இருபது எக்ஸ்ரே எடுப்பதைவிட ஒரு அல்ட்ராசவுண்ட் எடுப்பது உருப்படியான காரியம். பின்னங்காலில் எடையைத் தாங்கும் தசைநார் மேல்முனையில் கெட்டிருந்தால், அதே கேடு முன்னங்காலில் வந்ததைவிட மீள்வது கடினம்.

இதயம், மூச்சு, கண்

'இதயத்தில் முணுமுணுப்பு' என்ற வரி பலருக்குத் தூக்கத்தைக் கெடுத்துவிடும். குதிரை இதயம் ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 முறைதான் துடிக்கும். அவ்வளவு பெரிய பம்பு அவ்வளவு ரத்தத்தைத் தள்ளும்போது சத்தம் எழுவது சகஜம், அதிலும் நல்ல உடற்பயிற்சியுள்ள குதிரைகளில். ஆறு நிலை அளவுகோலில் முதல் இரண்டு நிலைகள் பெரும்பாலும் தொந்தரவில்லாதவை. ஓய்வில் அவ்வப்போது ஒரு துடிப்பு விட்டுப்போய், ஓடியதும் சரியாகிவிட்டால் அதுவும் இயல்பே. சத்தம் பலமாக இருந்தால், இல்லையென்றால் துடிப்பு ஒரு ஒழுங்கே இல்லாமல் தாறுமாறாக விழுந்தால், இதய ஸ்கேனும் ஓடும்போது எடுக்கும் இசிஜியும் பார்க்காமல் வாங்கக் கூடாது. சவாரியாளர் மேலே உட்கார்ந்திருக்கும்போது குதிரை சரிந்து விழுந்தால் போவது குதிரை மட்டுமில்லை.

மூச்சை உள்ளிழுக்கும்போது உறுமல்போல ஒரு சத்தம் கேட்டால் பெரும்பாலும் குரல்வளையின் இடப்பக்கம் செயலிழந்து வருகிறது என்று அர்த்தம். இடப்பக்க நரம்பு நேராகக் குரல்வளைக்குப் போகாமல் மார்புக்குள் இறங்கி, பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மறுபடி கழுத்தில் ஏறி வருகிறது. அத்தனை நீளமான நரம்பு என்பதால் உயரமான குதிரைகளுக்கே இந்தத் தொல்லை அதிகம். நிதானச் சவாரிக்கு இது பெரிய தடையில்லை. வேகமாக ஓட வேண்டிய குதிரைக்குத் தடைதான். அறுவை சிகிச்சை உண்டு, அதற்கென்று பக்கவிளைவுகளும் உண்டு.

சமரசத்துக்கு இடமே கொடுக்கக் கூடாத இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, தள்ளாட்டம். குறுகலாகச் சுற்றும்போதும் பின்னோக்கி நடக்கும்போதும் பின்னங்கால் எங்கே விழுகிறது என்று குதிரைக்கே தெரியாமல் தடுமாறினால் கோளாறு நரம்பு மண்டலத்தில் இருக்கலாம். காரணம் தெளிவாகும்வரை அந்தக் குதிரையின் மேல் யாரையும் ஏற்ற முடியாது. இன்னொன்று, திரும்பத் திரும்ப வரும் கண் உள்ளழற்சி. குதிரைகளின் கண்பார்வை போவதற்கு முதன்மையான காரணமே அதுதான். இன்றைக்குக் கண் தெளிவாக இருந்தாலும் பழைய தாக்குதல்களின் தடம் உள்ளே இருக்கும், அடுத்த தாக்குதல் எப்போது என்று தெரியாது.

குளம்பு வைத்திருக்கும் கணக்கு

ஸ்கேனும் படமும் இல்லாமல், வெறும் கண்ணாலேயே குதிரையின் கடந்த ஒரு வருடத்தைப் படிக்க ஒரு வழி இருக்கிறது. குளம்பின் சுவர் மேலே ரோமம் முடியும் இடத்தில் உருவாகி மாதத்துக்கு ஏறக்குறைய 6 முதல் 10 மில்லிமீட்டர் வளர்ந்து கீழிறங்குகிறது. முன்பக்கம் மேலிருந்து தரையைத் தொட 9 முதல் 12 மாதம் ஆகும். அதாவது, இன்று தரையைத் தொடும் குளம்பு போன வருடத்துக் குளம்பு. தீவனம் மாறினால், காய்ச்சல் வந்தால் குளம்பைச் சுற்றி ஒரு வளையம் விழும். அது முன்னும் பின்னும் ஒரே இடைவெளியில் இருந்தால் கவலை வேண்டாம். வளையங்கள் முன்பக்கம் நெருங்கியும் குதிகால் பக்கம் விரிந்தும் போனால், குளம்புக்குள் எலும்பைச் சுவரோடு கட்டி வைத்திருக்கும் அடுக்குகள் ஒரு தடவை வீங்கியிருக்கின்றன என்று பொருள். ரோமம் முடியும் இடத்திலிருந்து எத்தனை விரல் கீழே அந்த வளையம் இருக்கிறது என்று பார்த்தால், ஏறக்குறைய எந்த மாதத்தில் அது நடந்தது என்று கூடச் சொல்லிவிடலாம். 'ஒரு நாள் கூட உடம்புக்கு வந்ததில்லை' என்று விற்பவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது இதைக் கவனியுங்கள்.

இந்த வீக்கத்துக்குத்தான் குளம்பழற்சி என்று பெயர். அது ஒரு முறை வந்த குதிரைக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். அதன் பின்னால் இன்சுலின் கோளாறோ, வயதான குதிரைகளில் பிட்யூட்டரிச் சுரப்பிக் கோளாறோ இருக்கக்கூடும், இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு. குளம்பின் பக்கவாட்டுப் படம் எடுத்தால் உள்ளே எலும்பு சரிந்திருக்கிறதா என்றும் தெரிந்துவிடும்.

குதிரை ஏற்கெனவே செய்து காட்டியது

ஒரே குறை 4 வயதுக் குதிரையில் ஒன்றைச் சொல்லும், 14 வயதுக் குதிரையில் வேறொன்றைச் சொல்லும். ஹாக்கில் தேய்மானத்தோடு பத்து வருடம் போட்டிகளில் ஓடி, இன்றும் நேராக நடக்கும் குதிரை, அந்தக் குறையோடு வாழக் கற்றுக்கொண்டதைச் செய்தே காட்டிவிட்டது. இன்னும் சேணமே ஏறாத இளங்குதிரையில் அதே தேய்மானம் இருந்தால், வேலை தொடங்குமுன்னே உடம்பு தேயத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். விலை குறைவு என்று இரண்டாவதை வாங்குபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். அதேபோல, ஆறு மாதம் சும்மா புல்வெளியில் நின்ற குதிரை பரிசோதனையில் சுத்தமாக வந்தால் அது பெரிய செய்தி ஒன்றுமில்லை. வேலை வாங்கிப் பார்க்காத காலில் வலி எப்படித் தெரியும்?

இந்த இடத்தில் விற்பவர்கள் எடுத்துவிடும் கதை ஒன்று உண்டு. சியாட்டில் ஸ்லூ என்ற அமெரிக்கக் குதிரையின் வலது முன்னங்கால் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. 1975-ல் ஒரு வயதுக் குட்டியாக 17,500 டாலருக்கு ஏலம் போனது. 1977-ல் தோல்வியே அறியாமல், அமெரிக்காவின் மூன்று பெரிய பந்தயங்களையும் ஒரே வருடத்தில் வெல்லும் மும்மகுடத்தை வென்றது. இதற்கு மறுபக்கமாக, 2006-ல் 1.6 கோடி டாலருக்கு விற்று உலகைத் திரும்பிப் பார்க்க வைத்த தி கிரீன் மங்கி மூன்றே பந்தயம் ஓடி, ஒன்றில்கூட வெல்லாமல் ஓய்ந்தது. இரண்டும் நடந்தவைதான். ஆனால் கோணல் காலோடு பிறந்து பெயரே தெரியாமல் போன குதிரைகளின் கதையை யார் சொல்லப்போகிறார்கள்? ஒரு சியாட்டில் ஸ்லூவை வைத்து உங்கள் முன் நிற்கும் கோணல் காலுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. காலின் அமைப்பில் உள்ள கோணலும் மூட்டுக்குள் இருக்கும் நோயும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வாங்குபவர் யார்?

வாரத்துக்கு இரண்டு நாள் மண்பாதையில் நிதானமாகப் போய்வர ஒரு குதிரை வேண்டும் என்பவருக்கு, கீழ் ஹாக் தேய்ந்த, சுபாவம் தங்கமான ஒரு 15 வயதுக் குதிரை வரப்பிரசாதம். சவாரி கற்கும் குழந்தைக்கு என்றால் நான் ஒரு படி மேலே போவேன்: காலில் சிறு குறையுள்ள சாதுவான குதிரை, காலில் குறையே இல்லாத முரட்டுக் குதிரையைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் 1.30 மீட்டர் தடைகளைத் தாண்ட வைக்கப்போகிறேன் என்பவர், முன்னங்குதிகாலில் ஒரு சந்தேகம் இருந்தாலும் தள்ளிப்போவது உத்தமம். தாண்டி இறங்கும் பாரம் முழுக்க அங்கேதான் விழும். இரண்டு வருடம் பழக்கி லாபத்துக்கு விற்கலாம் என்று நினைப்பவர் நிலைமை இன்னும் கறார். அடுத்து வாங்குபவரும் ஒரு மருத்துவரோடு வருவார், அவரும் இதே படங்களை எடுப்பார். உங்களைப் பயமுறுத்திய வரி அவரையும் பயமுறுத்தும்.

அப்புறம் பணம். 'யானை விலை குதிரை விலை' என்று சொல்கிறோம், உண்மையில் குதிரையின் விலை செலவின் ஆரம்பம்தான். குறையுள்ள குளம்புக்குத் தனி வகை லாடம், ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மூட்டு ஊசி என்றால் அது ஒரு தடவையோடு முடிவதில்லை. விலையில் கிடைத்த தள்ளுபடியை இந்தத் தொடர் செலவோடு வைத்துப் பார்த்தால் பல 'மலிவு' குதிரைகள் மூன்றாம் வருடத்தில் விலை உயர்ந்தவையாகிவிடும். இன்சூரன்ஸ் நிறுவனமும் அறிக்கையைக் கேட்கும். லேசான குறை என்று மருத்துவர் எழுதியிருந்தாலும் அந்தக் காலுக்கோ அந்த உறுப்புக்கோ இழப்பீடு கிடையாது என்று விலக்கு போட்டுவிடும். எதற்காகப் பயந்து இன்சூரன்ஸ் எடுக்கிறீர்களோ, அதற்கே பாதுகாப்பில்லாமல் போகலாம். வாங்குமுன் அறிக்கையை அவர்களிடம் காட்டி, எதெல்லாம் விலக்கப்படும் என்று கேட்டு எழுதி வாங்கிவிட வேண்டும்.

இனி என்ன செய்யலாம்

முதலில் மருத்துவரோடு போனில் பேசுங்கள். எழுத்தில் அவர் தற்காப்போடுதான் எழுதுவார். பேச்சில் இன்னும் திறந்து பேசுவார். 'வாங்கலாமா?' என்று கேட்டால் நழுவுவார், நழுவத்தான் வேண்டும், அது அவர் வேலையில்லை. வேறு மாதிரி கேளுங்கள்: இந்தக் குறைகளில் உங்களை அதிகம் உறுத்துவது எது? இதே மாதிரிக் குதிரைகள் நான் சொன்ன வேலையில் எப்படித் தாக்குப்பிடித்திருக்கின்றன? இன்னும் ஒரே ஒரு பரிசோதனை செய்யலாம் என்றால் எதைச் செய்வீர்கள், அதன் முடிவு உங்கள் கருத்தை மாற்றுமா? கடைசிக் கேள்வி முக்கியம். முடிவு எப்படி வந்தாலும் நீங்கள் வாங்கப்போவதில்லை என்றால், மேலும் படம் எடுத்துப் பணத்தைக் கரைப்பதில் அர்த்தமில்லை. படங்களை இன்னொரு நிபுணருக்கு அனுப்பி இரண்டாவது கருத்து கேட்பது, குதிரையை மறுபடி ஒரு முறை முழுக்கப் பரிசோதிப்பதைவிட மலிவு.

விற்பவரிடம் குறையைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பாருங்கள். 'ஆமாம், மூன்று வருடம் முன்பு அந்தக் காலில் வீக்கம் வந்தது, இன்ன மருத்துவர் பார்த்தார், குறிப்புகள் இதோ' என்பவரோடு பேரம் பேசலாம். 'இந்த டாக்டருக்கு ஒன்றும் தெரியாது, நாளைக்கே இன்னொருவர் வாங்க வருகிறார்' என்பவரிடம் முன்பணத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். சில வாரம் சோதனைக்குக் கொடுங்கள், அல்லது முதலில் குத்தகைக்குத் தாருங்கள் என்று கேட்பதில் தப்பில்லை. குறை ரத்தத்தில் தெரியும் வகையாக இல்லாவிட்டாலும், முப்பது நாள் ஒழுங்கான வேலை பல மர்மங்களை வெளிக்கொண்டு வந்துவிடும். அந்த நாட்களில் குதிரைக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்பதை மட்டும் முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

பாவம் என்று வாங்குபவர்களும் இருக்கிறார்கள். 'நான் வாங்காவிட்டால் இதன் கதி என்ன' என்ற எண்ணம் இழிவானதில்லை. ஆனால் குதிரை 25, 30 வருடம் வாழும். சவாரிக்கு வாங்குகிறேன் என்று உங்களுக்கே சொல்லிக்கொண்டு, உள்ளூர இரக்கத்துக்கு வாங்கினால், அது நொண்டி நிற்கும் நாளில் குதிரை மேல் கோபம் வரும். இரக்கத்துக்கென்றால் இரக்கத்துக்கு என்றே வாங்குங்கள், சவாரிக்கு வேறொன்று பார்த்துக்கொள்ளலாம். இடமும் பணமும் இரண்டுக்குத் தாங்குமா என்று கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் பார்த்து வாங்குவது என்று முடிவாகிவிட்டால், அந்த அறிக்கையையும் படங்களையும் அலமாரியில் போட்டு மறந்துவிட வேண்டாம். படங்களின் மூலப் பிரதியை மருத்துவமனையிலிருந்து கேட்டு வாங்கி வையுங்கள், துள்ளோட்ட வீடியோ எடுத்திருந்தால் அதையும் சேர்த்து. ஒரு வருடம் கழித்து அதே கோணத்தில் அதே மூட்டைப் படம் எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மூட்டு வேலையில் தேய்ந்துகொண்டு போகிறதா, இருந்த இடத்திலேயே நிற்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். தேய்கிறது என்றால் வேலையைக் குறைக்கவும் லாடத்தை மாற்றவும் இன்னும் நேரம் இருக்கும்.